மாதுளைத் தோடு கறுத்தால் போலி என்று அர்த்தமில்லை

வணக்கம். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் வெர்னிசாஜ் சந்தையில் வாங்கிய வெள்ளி மாதுளைத் தோட்டின் இடுக்கெல்லாம் கறுப்பு, பற்பசை போட்டுத் தேய்த்ததும் ஒரு தோடு மட்டும் வெளுத்துவிட்டது, போலியா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. கந்தகம் சேர்ந்த கரைசலில் முக்கி வேண்டுமென்றே ஏற்றியது. பள்ளத்தில் கறுப்பு நின்றால்தான் மாதுளை முத்துகள் மேலே எழும்பித் தெரியும். ஆர்மீனியர்களுக்கு இது பழைய ரசனை. இன்றைய துருக்கியில் இருக்கும் வான் என்ற நகரத்தின் ஆர்மீனியப் பத்தர்கள் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் உருக்கிய கறுப்புக் கலவையைச் செதுக்கிய கோடுகளில் நிரப்பி வேலை செய்தார்கள். ஆட்டோமன் ஆட்சியில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1915 இனப்படுகொலையில் அவர்கள் சமூகமே சிதறிப்போனது. அந்த ரசனை இன்னும் உங்கள் தோட்டில் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கொக்கியில் 925 முத்திரை, அதாவது 92.5 சதவீத வெள்ளி என்ற குறி, இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பத்தரிடம் உரசிப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் பாலிஷ் மட்டும் போட விடாதீர்கள். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரும் வேண்டாம், மிச்சக் கறுப்பும் போய்விடும்.

வெளுத்த தோட்டைச் சரிசெய்ய முட்டை போதும், அதிலும் கந்தகம் இருக்கிறது. நன்றாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே மஞ்சள் கருவை நசுக்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். தோட்டை ஒரு சின்னக் கிண்ணத்தில், கரு படாமல் பக்கத்தில் வைத்து மூடிவிடுங்கள். சில மணி நேரத்தில் கறுக்கும். அப்புறம் பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி, மேடான முத்துகளை மட்டும் மெதுவாகத் துடையுங்கள்.