கிட்டத்தில் சரி, எட்டத்தில் கோணல்

கேள்வி: மூன்று நாள் ஓவியப் பயிலரங்கில் பிளாஸ்டர் தலைச்சிலை ஒன்றைக் கரியால் வரைகிறேன். கிட்டத்தில் சரியாகத் தெரியும் மூக்கு, எட்டி நின்றால் கோணல். அழித்தால் தாள் அழுக்காகிறது. எங்கே பிழை?

பதில்: தாளோடு ஒட்டி நின்று அளப்பதுதான் பிழை. சிலைக்குப் பக்கத்திலேயே, தாள் பொருத்திய பலகையை நிறுத்துங்கள். சிலை உயரத்தைப் போல மூன்று மடங்கு பின்னால் வந்து, பாதம் நிற்கும் இடத்தை டேப்பால் குறியுங்கள். அளவெடுப்பது அங்கிருந்து மட்டும். ஒரு கண்ணை மூடி, கனம் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, மூக்கு நுனிக்கு நேர் கீழே உதட்டில் எந்த இடம் வருகிறது என்று பாருங்கள். முன்னே போய் ஒரே ஒரு கோடு, உடனே திரும்புங்கள். சலிப்பான நடைதான், வேறு வழியில்லை.

அழுக்குக்குக் காரணம் விரல். அதன் எண்ணெய்ப்பசை கரியைத் தாளில் பதித்துவிடும். பிறகு ரப்பருக்கு எளிதில் மசியாது. மெல்லிய தூரிகையால் பரப்புங்கள். அழிக்க, மாவுபோலப் பிசையக்கூடிய ரப்பரை எடுங்கள்; தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். அழுத்திச் செய்த கரிக்குச்சியை முதல் நாள் தொடவே வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சுக்கு ஆளி எண்ணெய் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. டர்பன்டைனில் நெகிழ்த்தி மெல்லியதாகப் பூசுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். எண்ணெய் மிகுந்த அடி மெதுவாகக் காயும். மேல்பூச்சு முந்திக் காய்ந்தால் வெடிப்பு விடும்.