மக்லோன் வேண்டாம்

கேள்வி: மகன் பிறந்து 20 நாள் ஆகிறது. பைபிளில் ஒரே ஒருவருக்கு மட்டும் இருக்கும் 'மக்லோன்' என்ற பெயரை வைக்க ஆசை. சபையில் யாருக்கும் இந்தப் பெயர் கிடையாது. பெயரைச் சொன்னதிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. கொழுந்தன் காலேஜில் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார், அதிலிருந்தே மாமியார் இப்படித்தான். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம். பெயரை விட்டுவிடுங்கள்.

கொழுந்தன் சாவை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ரூத்தின் கதையை முழுக்கப் படித்தீர்களா, பட்டியலில் பார்த்து எடுத்தீர்களா? மக்லோன் நகோமியின் மகன், ரூத்தின் கணவன். மோவாப் தேசத்தில் பிள்ளையில்லாமல் செத்தவன். அந்தப் பெயரை எபிரெயத்தில் நோயைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துத்தான் பலரும் பார்க்கிறார்கள். காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்தவர் இதைச் சொல்லிப் பேரனைக் கொஞ்ச வேண்டுமா?

அபூர்வம் என்கிறீர்கள். பழைய ஏற்பாட்டில் ஆபிரகாம், மோசே, தாவீது என்ற பெயர்களும் ஒவ்வொருவருக்குத்தான். பெனோனியும் அபூர்வம்தான். பிரசவத்தில் உயிர் பிரியும்போது ராகேல் வைத்த பெயர், 'என் துக்கத்தின் மகன்'. உயிராய் நேசித்த மனைவியின் கடைசி வார்த்தை என்றும் பாராமல் யாக்கோபு அதைப் பென்யமீன் என்று மாற்றினான். தகப்பன் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஊர் திரும்பிய நகோமி, "என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள் என்று சொல்லுங்கள்" என்றாள். மாராள் என்றால் கசப்பு. நீங்கள் 'இப்படித்தான்' என்று எழுதினீர்களே, அது இதுதான். மக்லோனின் பேர் அற்றுப்போகக் கூடாது என்றுதான் அவன் உறவுக்காரன் போவாஸ், விதவையான ரூத்தை மணந்தான். அப்படியிருந்தும் பிறந்த பிள்ளைக்கு யாரும் மக்லோன் என்று பேர் வைக்கவில்லை. நகோமி பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் "நகோமிக்கு மகன் பிறந்தான்" என்று சொல்லி ஓபேத் என்று பேரிட்டார்கள். பெற்ற ரூத் அதில் வாய் திறந்ததாக ஒரு வசனமும் இல்லை.

இன்று சாயங்காலமே குழந்தையை மாமியார் மடியில் கொடுங்கள். கொழுந்தனைப் பற்றிக் கேளுங்கள், அவர் பேரைச் சொல்லியே கேளுங்கள். கடிதத்தில் அவர் பேரைக்கூட நீங்கள் எழுதவில்லை. அப்புறம் பேரனுக்கு என்ன பேர் என்று மாமியாரே சொல்லட்டும். தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பேராக இருந்தாலும் சரி, ஞானஸ்நானத்தில் அதையே வையுங்கள். உங்கள் கணவரிடமும் பேசுங்கள். தம்பியை இழந்தவர் அவர். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை உங்கள் கடிதத்தில்.