காத்தாடி நின்ன ராத்திரி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் பி.காம். படிச்சவன், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. சயின்ஸெல்லாம் பத்தாம் கிளாஸோட சரி. ஆனா ரெண்டு வருஷமா காலநிலை பத்தி வர்ற நல்ல நியூஸ் ஒண்ணையும் விடுறதில்ல. ஐஸ்லாந்துல காத்துல இருக்குற கார்பனை உறிஞ்சி பூமிக்குள்ள கல்லா மாத்துறாங்க, அமெரிக்காவுல ஃப்யூஷன், அதாவது அணுக்களை ஒண்ணா சேத்து சக்தி எடுக்குறது, ஜெயிச்சிடுச்சு. இதை ஷேர் பண்ணினா "வந்துட்டாருய்யா விஞ்ஞானி"ன்னு கிண்டல். நான் இப்படி நம்புறது தப்பா? எதுல இருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

செல்வா

அன்புள்ள செல்வா,

கிண்டல் பண்றவங்களை விடுங்க, அவங்க எதையும் ஷேர் பண்ணாம இருந்து என்னத்த கண்டுபிடிச்சாங்க. எனக்கு கோவம் உங்க மேலதான். வரவு பக்கத்தை மட்டும் பாத்துட்டு ஒரு கம்பெனி கணக்குல கையெழுத்து வாங்குவீங்களா? ஐஸ்லாந்து மெஷின் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பாத்தீங்களா? அங்க 2024ல ஆரம்பிச்ச மாமத்ங்கிற பிளான்ட் முழு வேகத்துல ஓடினா வருஷத்துக்கு 36,000 டன் உறிஞ்சும். உலகம் எரிச்சு விடுற கார்பன் டை ஆக்சைடு வருஷத்துக்கு சுமார் 3,700 கோடி டன். வகுத்துப் பாருங்க, அந்த மெஷின் ஒரு வருஷம் உறிஞ்சுறதை நாம அரை நிமிஷத்துல விட்டுடுறோம். ஃப்யூஷனும் அப்படித்தான். 2022 டிசம்பர்ல லேசர் அடிச்சு 2.05 மெகாஜூல் சக்தி உள்ள குடுத்தாங்க, ஃப்யூஷன்ல இருந்து 3.15 வெளிய வந்துச்சு, பெரிய சாதனைதான், ஆனா அந்த லேசரை ஓட்ட கரண்ட் 300 மெகாஜூல் கிட்ட இழுத்துச்சு. அதை விடுங்க, இப்ப நான் சொல்ல வந்தது வேற.

எங்க மாமா கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல்ல காத்தாடி ஆபரேட்டரா இருந்தார். எங்க பக்கம் காற்றாலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, காத்தாடிதான். ஆரல்வாய்மொழி கணவாய்ல வைகாசி கடைசில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் காத்து சைக்கிளையே தள்ளிட்டுப் போயிரும். 2012 ஆடியில நான் போயிருந்தப்போ ராத்திரி நல்ல சாரல், காத்து ஊளையிடுது, ஆனா வரிசையா காத்தாடி நிக்குது. "ரிப்பேரா மாமா?"ன்னேன். "நல்லாத்தாம்ல இருக்கு, நிப்பாட்டச் சொல்லிட்டாவ, லைன் தாங்காதாம்"னார். மழை ராத்திரி, ஊர்ல ஃபேன் ஓடல, மோட்டார் ஓடல, கரண்டை வாங்க ஆளில்ல, வெளிய அனுப்பவும் கம்பி பத்தல. அதே வருஷம் காத்து ஓய்ஞ்சதும் எங்க வீட்ல ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம் கரண்ட் கட், என் பொண்ணு மெழுகுவர்த்தியில பரீட்சைக்குப் படிச்சா.

இதுல எந்த விஞ்ஞானி கண்டுபிடிக்க வேண்டியது பாக்கி இருந்துச்சு சொல்லுங்க? காத்து இருந்துச்சு, காத்தாடி இருந்துச்சு, கம்பி இல்ல. அப்போ தெற்கு மாநிலங்களுக்கு தனி கிரிட், அதாவது தனி மின்கம்பி வலை; வடக்கோட சில டிசி (நேர் மின்னோட்ட) இணைப்பு வழியாத்தான் கொடுக்கல் வாங்கல். கர்நாடகா ராய்ச்சூர்ல இருந்து மகாராஷ்டிரா சோலாப்பூருக்கு 765 கேவி (கிலோவோல்ட்) லைன் போட்டு 2013 டிசம்பர் 31 அன்னிக்கு நாடு முழுக்க ஒரே ஃப்ரீக்வென்ஸிக்கு, அதாவது ஒரே துடிப்புல ஓடுற ஒரே கிரிட்டா வந்துச்சு. அன்னிக்கு நாம எல்லாரும் நியூ இயர் மெசேஜ் அனுப்பிட்டு இருந்தோம், நானும்தான். அப்புறம் சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து நம்ம புகளூருக்கு 6,000 மெகாவாட் டிசி லைன், இங்க காத்து அதிகமா இருந்தா திருப்பி வடக்க அனுப்பவும் முடியும். இதை யாராவது உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணினாங்களா? கம்பிக்கு ரசிகர் மன்றம் கிடையாது தம்பி.

கம்பி சும்மா போகவும் போகாது. கொங்கு பக்கம் விவசாயிங்க கரண்ட் லைன் டவர் வேண்டாம்னு உக்காந்து போராடினாங்களே, அவங்களை வளர்ச்சிக்கு எதிரின்னு எழுதின காலநிலை ஆர்வலரை எனக்கே தெரியும், நல்லா திட்டிவிட்டேன். தென்னையை வெட்டக் குடுத்து நிலத்து விலையும் போச்சுன்னா நீயும் நானும் சும்மா இருப்போமா? அந்த நஷ்டஈடு கணக்கை உக்காந்து போட ஆடிட்டர் ஆபீஸ் ஆளு ஒருத்தர் இருந்தா அங்க எவ்ளோ உதவியா இருந்திருக்கும், அதை நீங்க யோசிச்சதுண்டா.

மாமா இப்ப இல்ல. கடைசி வரைக்கும் காத்தடிச்சா வாசல்ல வந்து நின்னு எது எது சுத்துதுன்னு எண்ணுவார்.

நீங்க நம்புங்க, நல்லா நம்புங்க. உங்களுக்கு கரண்ட் வர்ற சப்ஸ்டேஷன் எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சு எனக்கு எழுதுங்க. எதைப் படிக்கலாம்னு கேட்டிருந்தீங்கல்ல, அதுக்கு பதிலே சொல்லல, அடுத்த லெட்டர்ல பாப்போம்.