பி.எஸ்சி எம்.எல்.டி சேரலாமா: காலேஜைப் பார்க்காதே, அதோட ஆஸ்பத்திரியைப் பாரு

தென்காசி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. ப்ளஸ் டூல பயாலஜி க்ரூப், தமிழ் மீடியம், நீட்ல மார்க் பத்தல. வீட்ல பி.எஸ்சி எம்.எல்.டி, அதாவது ரத்தம், சிறுநீர் எல்லாம் டெஸ்ட் பண்ற மெடிக்கல் லேப் படிப்பு, சேருன்னு சொல்றாங்களாம், ஆனா டவுன்ல ஒரு இன்ஸ்டிட்யூட்காரங்க ஒரே வருஷத்துல சர்டிஃபிகேட், கையோட வேலைன்னு போன் மேல போன் போடுறாங்களாம். "எதுல சேரட்டும் அக்கா, இப்பதான் எல்லா டெஸ்ட்டும் மெஷினே பண்ணுதே, நாலு வருஷம் படிச்சு என்ன ஆகப்போகுது, அப்புறம் எனக்கு ரத்தம் பார்த்தா லேசா தலை சுத்தும்"னு கேட்டிருக்கா.

மெஷின் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன் மா, அது புரிஞ்சா எங்க சேரணும்ங்கறது உனக்கே புரிஞ்சிரும்.

டெங்கு சீசன்ல ஒரு சாம்பிள் வருதுன்னு வெச்சுக்கோ, ரத்த செல்லை எண்ணுற செல் கவுண்டர் மெஷின்ல போட்டா பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) ரொம்பக் குறைவா 38,000னு காட்டுது. வார்டுல போய்ப் பார்த்தா அந்த ஆளு காய்ச்சல் விட்டு நல்லா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்காரு, எங்கயும் ரத்தக் கசிவு இல்ல. மெஷின் பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பர்ப்பிள் மூடி ட்யூப்ல ஈடிடிஏன்னு ஒரு ரசாயனம் இருக்கும், சில பேரோட ரத்தம் அதுல பட்டதும் பிளேட்லெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொத்து கொத்தா ஆயிரும், மெஷின் சைஸை வெச்சு எண்ணுறதால அந்தக் கொத்தை பிளேட்லெட்டாவே கணக்குல எடுக்காது. படிச்ச பொண்ணு என்ன பண்ணுவா, உடனே ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடி ஸ்லைடுல மெல்லிசா ஸ்மியர் இழுத்து, லீஷ்மேன் ஸ்டெய்ன்ங்கற சாயம் போட்டு, ஸ்லைடோட வால் ஓரத்துல மைக்ராஸ்கோப்ல பார்ப்பா, கொத்து தெரிஞ்சா நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டுவா. அந்த ட்யூப்ல 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் இருக்குறதால வர்ற எண்ணை 1.1 ஆல பெருக்கணும். ரிப்போர்ட் 1,60,000னு போகும். இதைப் பண்ணத் தெரியாத இடத்துல அந்த மனுஷனுக்குத் தேவையே இல்லாம பிளேட்லெட் ஏத்திருப்பாங்க.

இன்னொண்ணு. நர்ஸம்மா அவசரத்துல பர்ப்பிள் ட்யூப்ல அதிகமா எடுத்த ரத்தத்தைக் கொஞ்சம் சிவப்பு மூடி ட்யூப்ல ஊத்திட்டாங்கன்னா, பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறி வரும், கால்சியம் தரைக்குப் போயிரும், ஏன்னா ஈடிடிஏ ட்யூப்ல இருக்குறதே பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து வந்தா அது நோயாளியோட பிரச்சனை இல்ல, ட்யூப் பிரச்சனைன்னு பார்த்ததும் தோணணும், அப்படியே ரிப்போர்ட்டை விட்டா டாக்டர் இதயம் நின்னுரும்னு பயந்து மருந்து போட ஆரம்பிச்சிருவாரு. லேப்ல நடக்குற தப்புல பெரும்பகுதி மெஷினுக்குள்ள சாம்பிள் போறதுக்கு முன்னாடியே நடந்துருது. அதைப் பிடிக்கத்தான் இந்தப் படிப்பு.

இப்ப ஒரு வருஷ கோர்ஸுக்கு வர்றேன். கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல நடத்துற டிப்ளமோ, சர்டிஃபிகேட் கோர்ஸ் வேற, அதை நான் குறை சொல்லல, ரெண்டு வருஷ டி.எம்.எல்.டி (லேப் டிப்ளமோ) முடிச்சு அருமையா வேலை பார்க்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, வீட்ல சீக்கிரம் சம்பாத்தியம் வேணும்னா அது நல்ல வழி. ஆனா யாருன்னே தெரியாத கவுன்சில் பேரைப் போட்டு சர்டிஃபிகேட் தர்ற இடத்துல காலை வைக்காதே. 2021ல மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்குன்னு தனிச் சட்டமே கொண்டு வந்திருச்சு, அதுப்படி குறைஞ்சது ரெண்டு வருஷத்துல இருந்து நாலு வருஷம் வரை பரவின 2000 மணி நேரப் படிப்பு வேணும், ஹெல்த்கேர் ப்ரொஃபஷனல்ங்கற அடுத்த நிலைக்கு 3600 மணி நேரம், மூணுல இருந்து ஆறு வருஷம். ஒரே வருஷத்துல முடியுற பேப்பரை நாளைக்கு ரிஜிஸ்டர் பண்ணப் போனா எங்க நிக்கும்னு நீயே யோசி. தபால்ல படிக்கிற கதையும் வேண்டாம், இந்தச் சட்டத்துக்குள்ள வர்ற படிப்புகளை தொலைதூரக் கல்வியில நடத்தக்கூடாதுன்னு யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் செஷன்ல இருந்து நிறுத்திருச்சு.

நான் சொல்றது பி.எஸ்சி. இதுக்கு நீட் தேவையில்ல, ப்ளஸ் டூ மார்க்தான், மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம் எல்லாத்துக்கும் சேர்த்து ஆன்லைன்ல அப்ளிகேஷன் விடும், அதுல கவுன்சிலிங் வழியா கவர்மென்ட் காலேஜ் கிடைச்சா கண்ணை மூடிட்டு சேரு, ஃபீஸும் ரொம்பக் கம்மி. பிரைவேட்ல பார்த்தா கிண்டியில இருக்குற எம்.ஜி.ஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டியோட இணைப்புக் காலேஜ் லிஸ்ட்ல பேரும் கோர்ஸும் இருக்கான்னு முதல்ல பாரு, அவங்க கைல தர்ற நோட்டீஸை நம்பாதே.

லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதாது மா. கட்டடம், ஏசி க்ளாஸ், பஸ் இதெல்லாம் விட்டுட்டு, கூட ஆஸ்பத்திரி இருக்கா, அதுல நோயாளி வர்றாங்களான்னு பாரு. காலைல 8 மணிக்குப் போய் ஓபி லேப் வாசல்ல அரை மணி நேரம் நில்லு, சாம்பிள் கொடுக்க எத்தனை பேர் வரிசையில இருக்காங்கன்னு தெரிஞ்சிரும். பிளட் பேங்க் உண்டா, மைக்ரோபயாலஜில கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்குற டெஸ்ட்) போடுறாங்களா, பயாப்சி (வெட்டி எடுத்த சதைத் துண்டு) ப்ராசஸ் பண்றாங்களா, மூணு வருஷம் முடிஞ்சு ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்ல எல்லா செக்‌ஷனும் சுத்த விடுவாங்களா இல்ல ரத்தம் எடுக்குற கவுன்டர்லயே உட்கார வெச்சிருவாங்களான்னு சீனியர்கிட்ட தனியா கேளு. ஆயிரம் ஸ்லைடு பார்த்த கண்ணும் அம்பது ஸ்லைடு பார்த்த கண்ணும் ஒண்ணா? இதுக்கு வேற வழியே கிடையாது.

தமிழ் மீடியம்னு பயப்படாதே, முதல் ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் பழகிரும். படிக்கிற விதம்தான் முக்கியம். பிரின்சிபிள், ப்ரொசீஜர், நார்மல் வேல்யூன்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணுவாங்க, நீ ரெக்கார்ட் நோட்ல ஒவ்வொரு டெஸ்ட்டுக்குக் கீழயும் "இது எதனால தப்பா அதிகமா வரும், எதனால தப்பா குறைவா வரும்"னு ரெண்டு வரி எழுது. பாக்டீரியாவை நிறத்தை வெச்சுப் பிரிக்கிற கிராம் ஸ்டெய்ன்ல, சாயத்தைக் கழுவுற அசிட்டோன் ரெண்டு செகண்ட் கூட நின்னா நீலமா வரவேண்டியது பிங்க்கா வந்துரும், டாக்டர் வேற ஆன்டிபயாட்டிக் யோசிப்பாரு. சுகர் சாம்பிளை சாதா ட்யூப்ல எடுத்து மதியம் வரை அப்படியே வெச்சா ரத்த செல்லே சுகரைத் தின்னுரும், மணிக்கு 5, 7 சதவீதம் இறங்கும், அதுக்குத்தான் ஃப்ளோரைடு ட்யூப்.

பிளட் க்ரூப்பிங்கை மட்டும் லேசா எடுத்துக்காதே. ஆன்டி ஏ, ஆன்டி பிங்கற டெஸ்ட் திரவம் ரெண்டுலயும் ரத்த செல் கட்டி கட்டியா நிக்கலன்னா ஓ க்ரூப்னு எழுதிட்டுப் போறவங்க இருக்காங்க, நோயாளியோட சீரத்தை க்ரூப் தெரிஞ்ச செல்லோட கலந்து பார்க்குற ரிவர்ஸ் க்ரூப்பிங் போடுறது இல்ல. 1952ல மும்பைல பெண்டேங்கற டாக்டரும் அவர்கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்ச பாம்பே க்ரூப் அந்த முதல் டெஸ்ட்டுல அச்சு அசலா ஓ மாதிரிதான் தெரியும், ரிவர்ஸ்ல ஓ செல் போட்டுப் பார்த்தாதான் அதுவும் கட்டி கட்டியா நிக்கும். அவங்களுக்கு ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பசங்ககிட்ட தொண்டை கிழியக் கத்துவேன்.

வேலை விஷயம். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), ரயில்வேல பாராமெடிக்கல் போஸ்ட், ரெண்டுலயும் நோட்டிஃபிகேஷன்ல கேக்குற தகுதி போஸ்ட்டுக்குப் போஸ்ட் மாறும், வரிக்கு வரி படிச்சுட்டு அப்ளை பண்ணு. கல்ஃப் போகணும்னா உன் சர்டிஃபிகேட் நிஜமான்னு பார்க்குற டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, லைசென்ஸ் எக்ஸாம் ரெண்டும் உண்டு, அதுக்கு அங்கீகாரம் இல்லாத சர்டிஃபிகேட் உதவாது. மேல படிக்கணும்னா எம்.எஸ்சி இருக்கு. ஆரம்ப சம்பளம் சின்ன லேப்கள்ல ரொம்பக் குறைவுதான், மறைக்க விரும்பல, படிச்சவங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்குறதில்லங்கற கோபம் எனக்கு நிறையவே உண்டு, அதனால முதல் ரெண்டு வருஷம் சம்பளத்தோட எங்க க்யூசி (ரிசல்ட் சரியா வருதான்னு பார்க்குற தரச் சோதனை) ஒழுங்கா ஓட்டுறாங்கன்னும் பார்த்து சேரு. சொந்தமா லேப் வெச்சுக்கலாம்னு யாராவது சொன்னா, ரிப்போர்ட்ல பெத்தாலஜி மேற்படிப்பு முடிச்ச டாக்டர் கையெழுத்து வேணும்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோ.

தலை சுத்துறது பெரிய விஷயம் இல்ல மா, முதல் வருஷம் நிறைய பேருக்கு வரும், காலைல சாப்பிடாம லேபுக்குப் போகாதே, சுத்துற மாதிரி இருந்தா கூச்சப்படாம உட்கார்ந்துரு, கொஞ்ச நாள்ல போயிரும். அதைவிட முக்கியம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. முன்ன போட்டிருந்தா கார்டைத் தேடி எடு, இல்லன்னா அட்மிஷனுக்குக் காத்திருக்காம இப்பவே ஆரம்பி, முதல் டோஸ், ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது, முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டிபாடி டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வந்திருக்குங்கற அளவு) பாரு, 10க்கு மேல இருக்கணும். அப்புறம் என்னைக்காவது ஊசி கைல குத்திருச்சுன்னா திட்டுவாங்கன்னு மறைக்காதே, பிழியாதே, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு நேரா கேஷுவாலிட்டிக்குப் போ, எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டினா அது கை கொடுக்காது.