மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்தால்

பெயிண்ட் செய்த விளையாட்டுப் பொம்மைகளுக்கு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் வெள்ளை பூத்துவிட்டது, ஞாயிறு கிளப் ஆட்டத்துக்குள் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்டை உரிக்காதீர்கள், பொம்மைகள் பிழைத்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு கோட் பூசுங்கள். பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். பளபளப்பு பிடிக்கவில்லையா, மறுநாள் அதன்மேல் மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். ஞாயிறு கிளப் ஆட்டத்துக்குள் முடிந்துவிடும்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், ஐப்பசி மழைக்கு நடுவே, மொட்டைமாடியில் ஸ்பிரே அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணமாக இருக்கும். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சில்லிடும். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் காற்றின் ஈரம் உடனே அதில் படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்பிரே அடிக்கலாம். நம் கரையில் அது அபூர்வம் என்பதால், இங்கே வார்னிஷுக்குப் பிரஷ்தான் என்பது என் உறுதியான கருத்து.

பூசுவதற்கு முன் ஒன்று பாருங்கள். உங்கள் மந்திரவாதிப் பொம்மையின் நீல மேலங்கி மடிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நனைந்த இடத்தில் நீலம் பழையபடி தெரிந்து, காய்ந்ததும் வெள்ளை திரும்பினால் கோளாறு வார்னிஷில் மட்டும்தான்.

தண்ணீர் பட்டும் மாறவில்லை என்றால், கேனைச் சரியாகக் குலுக்காததில் பளபளப்பைக் குறைக்கும் மேட் பொடி திட்டாகப் படிந்திருக்கலாம். அதற்கு கிளாஸ் முழுசாகக் கைகொடுக்காது. அந்த இடங்களை மட்டும் திரும்பப் பெயிண்ட் செய்யுங்கள். எதுவானாலும் முதலில் ஒரே ஒரு சாதாரண வீரன் பொம்மையில் முயன்று பாருங்கள். அப்புறம், தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக்கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும்.