கணினி கேள்வி-பதில்: பெயர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மேடம், என் பழைய லினக்ஸ் கணினி பழுதாகிவிட்டது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கணினியில் மாட்டினேன். என் கோப்புகள் அத்தனைக்கும் என் தம்பியின் பெயர் உரிமையாளராகக் காட்டுகிறது. அவன் அந்தப் பழைய கணினியைத் தொட்டதே இல்லை. வைரஸாக இருக்குமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வைரஸ் இல்லை. தம்பியைத் திட்டியிருந்தால் போய்ச் சமாதானம் செய்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் உங்கள் பெயர் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்டிருப்பது ஒரு எண்.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் வழியில் வந்த எல்லா இயங்குதளங்களிலும் இப்படித்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் உரிமையாளரின் எண்ணும் (யூஐடி) குழுவின் எண்ணும் (ஜிஐடி) இருக்கும், பெயர் இருக்காது. அனுமதி உண்டா இல்லையா என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் முடிவு செய்வதும் அந்த எண்களை வைத்துத்தான். நிர்வாகிக் கணக்கின் பெயரான 'ரூட்' என்ற சொல்லுக்குக்கூடத் தனி அதிகாரம் கிடையாது. அதிகாரமெல்லாம் 0 என்ற எண்ணுக்குத்தான். ரூட்டின் பெயரை மாற்றி வைத்தாலும் 0 எண்ணோடு உள்ளே வருபவர்தான் எஜமானர்.

கோப்புகளை விவரத்தோடு பட்டியலிட 'எல்எஸ் -எல்' அடிக்கும்போது நடப்பது இதுதான். அந்தக் கட்டளை டிஸ்க்கிலிருந்து 1001 என்ற எண்ணை எடுக்கிறது. "1001 யார்?" என்று இந்தக் கணினியின் கணக்குப் பட்டியலைக் கேட்கிறது. பட்டியல் சொல்லும் பெயரை அச்சிடுகிறது. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் முதலில் உருவாக்கும் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கணினியில் உங்கள் கணக்கு இரண்டாவதாக உருவானதாக இருக்கும். புதியதில் நீங்கள் முதல் ஆள், தம்பி இரண்டாவது ஆள். 'எல்எஸ் -எல்என்' என்று அடித்துப் பாருங்கள். பெயரே இல்லாமல் வெறும் எண்கள் வரும். சந்தேகம் வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பில் இருந்தேன். கோடை விடுமுறையில் பழைய சர்வரை மாற்றினார்கள். மாணவர் கணக்குகளைப் புதிதாக, அகர வரிசைப்படி உருவாக்கினோம். பழைய டிஸ்க்கையும் அப்படியே மாட்டினோம். பழைய சர்வரில் கணக்குகள் சேர்க்கை வரிசையில் உருவானவை. கல்லூரி திறந்த அன்று காலை இறுதியாண்டு மாணவி ஒருவர் ஓடி வந்தார். தன் புராஜெக்ட் அடைவை (ஃபோல்டரை) தன்னால் திறக்க முடியவில்லை, வகுப்புத் தோழனால் திறக்க முடிகிறது என்றார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டு அடைவுகள் ஆள் மாறிக் கிடந்தன. அன்று முழுக்க யாரையும் லாகின் செய்ய விடாமல் உட்கார்ந்து சரிசெய்தோம்.

அப்போது இன்னொரு பொறியிலும் மாட்ட இருந்தோம். 1001-ஐ 1002 ஆக்கு, பிறகு 1002-ஐ 1003 ஆக்கு என்று வரிசையாக மாற்றினால், முதலில் மாற்றியவை இரண்டாவது சுற்றில் மறுபடி மாறிவிடும். எல்லாம் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். அதனால் முதலில் எல்லாவற்றையும் 101001, 101002 என்று யாரும் இல்லாத உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து சரியான எண்களுக்கு இறக்கினோம். உங்களுக்கு ஒரே ஒரு எண்தான், கவலை இல்லை. 'ஃபைண்ட்' கட்டளையால் அந்த டிஸ்க்கில் மட்டும் 1001-க்கு உரிய கோப்புகளைத் தேடி, உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன் -எச்' கட்டளை கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த '-எச்' முக்கியம். அது இல்லாவிட்டால் குறுக்கிணைப்புகள் (சிம்லிங்க்) சுட்டிக்காட்டும் வேறு கோப்புகளின் உரிமை மாறிவிடும்.

கேள்வி: லினக்ஸில் கணக்குப் பட்டியல் இருக்கும் கோப்புக்கு 'பாஸ்வேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், திறந்து பார்த்தால் பாஸ்வேர்டே இல்லையே? எல்லாருக்கும் 'எக்ஸ்' என்றுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் எல்லாரும் படிக்கும்படி விட்டிருக்கிறார்கள்?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. 'எட்ஸி' அடைவில் உள்ள அந்தக் கோப்பை எல்லாரும் படித்தே ஆக வேண்டும். படிக்க முடியாவிட்டால் சாதாரணப் பயனரின் 'எல்எஸ்' கட்டளையால் எண்ணைப் பெயராக்க முடியாது. ஒரு காலத்தில் பாஸ்வேர்டும் மறையாக்கப்பட்டு அதிலேயே இருந்தது. மறையாக்கியதைத் திருப்ப முடியாதுதானே என்று நம்பினார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லாக மறையாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். அந்தத் தேடலைக் கடினமாக்க 12 பிட் 'சால்ட்' (பாஸ்வேர்டோடு கலக்கும் ஒரு தற்செயல் எண்) சேர்த்தார்கள். ஒரே பாஸ்வேர்டுக்கு 4,096 வடிவங்கள் வரும். கணினிகள் வேகமானபோது அதுவும் போதவில்லை. கடைசியில் மறையாக்கிய பகுதியை மட்டும் 'ஷேடோ' என்ற கோப்புக்கு நகர்த்தி, சாதாரணப் பயனர்களுக்குப் பூட்டிவிட்டார்கள். பழைய இடத்தில் நிற்கும் 'எக்ஸ்', "அங்கே போய்ப் பார்" என்பதற்கான அடையாளம்.

மீதி ஆறு புலங்கள்: பெயர், யூஐடி, ஜிஐடி, முழுப்பெயர் போன்ற விவரம், வீட்டு அடைவு, ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்). அந்த விவரப் புலத்தை இன்றும் 'ஜீகாஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். ஜீகாஸ் என்பது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பழைய இயங்குதளம். பெல் ஆய்வகத்து யூனிக்ஸ் கணினிகளிலிருந்து அச்சு வேலைகளை அந்த இயந்திரங்களுக்கு அனுப்ப ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதை வைக்க ஒதுக்கிய இடம் அது. அந்த இயந்திரங்கள் போய்விட்டன, பெயர் நம் எல்லார் கணினியிலும் இருக்கிறது.

கேள்வி: அலுவலக லினக்ஸ் கணினியில் என்னால் லாகின் செய்ய முடிகிறது. ஆனால் பாஸ்வேட் கோப்பில் தேடினால் என் பெயரே இல்லை. உடன் வேலை செய்யும் யார் பெயரும் இல்லை. நாங்கள் எங்கே இருக்கிறோம்?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இதைப் புரிந்துகொண்டால் பாதி லாகின் கோளாறுகளை நீங்களே தீர்த்துவிடலாம்.

ஒரு நிரலுக்கு ஆள் விவரம் வேண்டுமென்றால் அது நேரே கோப்பைத் திறப்பதில்லை. பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் சி நூலகத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. 'கெட்பிடபிள்யூநேம்' பெயரைக் கொடுத்து விவரம் கேட்க. 'கெட்பிடபிள்யூயூஐடி' எண்ணைக் கொடுத்துக் கேட்க. குழுக்களுக்கும் இதே போல ஒரு ஜோடி. விடை எங்கிருந்து வருகிறது என்பது கேட்கும் நிரலுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி நூலகம், 'என்எஸ்ஸ்விட்ச்' என்ற கோப்பைப் பார்த்து அதை முடிவு செய்கிறது.

அந்தக் கோப்பைத் திறந்து 'பாஸ்வேட்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் அநேகமாக 'ஃபைல்ஸ் எஸ்எஸ்எஸ்' என்று இருக்கும். முதலில் உள்ளூர்க் கோப்பில் தேடு, இல்லையென்றால் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவையிடம் கேள் என்று அர்த்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தொகுதி. வரிசைப்படி கேட்டுக்கொண்டே போகும், கிடைத்ததும் நின்றுவிடும். எஸ்எஸ்எஸ்டி, ஆட்களின் பட்டியலை மையமாக வைத்திருக்கும் உங்கள் நிறுவனத்தின் எல்டாப் அல்லது ஆக்டிவ் டைரக்டரி சர்வரிடம் கேட்டு, விடையைக் கொஞ்ச காலம் சேமித்தும் வைத்துக்கொள்ளும். உங்கள் பெயர் அந்த சர்வரில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1980-களில் சன் நிறுவனம், நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கணக்குப் பட்டியல் வேண்டும் என்று 'யெல்லோ பேஜஸ்' என ஒன்றைச் செய்தது. பிரிட்டனில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னம் என்பதால் என்ஐஎஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் அதன் கட்டளைகள் 'ஒய்பி' என்றே இன்றும் தொடங்குகின்றன. அந்தக் காலத்தில் பாஸ்வேட் கோப்பின் கடைசியில் ஒரு கூட்டல் குறி போடுவோம். "இதற்கு மேல் சர்வரைக் கேள்" என்று பொருள். எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்பதைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்த யோசனை சன்னின் சோலாரிஸ் இயங்குதளத்திலிருந்து வந்தது.

சரி, உங்கள் விவரத்தைப் பார்ப்பது எப்படி? 'கெட்என்ட் பாஸ்வேட்' என்று அடித்துப் பக்கத்தில் உங்கள் லாகின் பெயரைக் கொடுங்கள். அது அதே வாசல் வழியாகப் போய்க் கேட்கும். பெயர் கொடுக்காமல் அடித்தால் உள்ளூர் ஆட்கள் மட்டும் வரக்கூடும். அதைப் பார்த்துக் கணக்கு அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரிய நிறுவனங்களில் பல்லாயிரம் பேர் இருப்பார்கள் என்பதால், மொத்தப் பட்டியலை எஸ்எஸ்எஸ்டி இயல்பாகத் தருவதில்லை. கோப்பில் நேரே 'கிரெப்' கட்டளையால் பெயரைத் தேடி ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவற்றை மாற்றுங்கள். அவை உங்களைப் போன்றவர்களை இல்லாத ஆளாக்கிவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் யார், எண் என்ன என்று சொல்வது இந்த ஏற்பாடு. வந்திருப்பவர் உண்மையில் அவர்தானா என்று பாஸ்வேர்டைச் சோதிப்பது 'பேம்' என்ற வேறோர் ஏற்பாடு. 'கெட்என்ட்' உங்களைக் காட்டியும் லாகின் ஆகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பேம் பக்கம். 'கெட்என்ட்'டே காட்டவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

எங்கள் எல்டாப் சர்வர் ஒருமுறை நின்றபோது ஆய்வகத்தில் 'எல்எஸ் -எல்' அடித்தவர்கள் எல்லாரும் உறைந்துபோனார்கள். டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தோம். '-என்' சேர்த்து அடித்ததும் பட்டியல் உடனே வந்தது. எண்ணைப் படிக்க டிஸ்க் போதும், பெயருக்குத்தான் சர்வர் வேண்டும். ரூட் கணக்கு உள்ளூர்க் கோப்பில் இருந்ததால்தான் அன்று எங்களால் உள்ளே போய்ச் சரிசெய்ய முடிந்தது. 'ஃபைல்ஸ்' என்ற சொல்லை அந்த வரியிலிருந்து எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆர்டுயினோ போர்டை இணைத்தால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்கிறது. போர்டு இணையும் போர்ட்டைத் திறக்க உரிமை உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேரச் சொன்னார்கள், சேர்ந்தேன். 'ஐடி' கட்டளையில் என் பெயரைக் கொடுத்தால் குழு வருகிறது. ஆனாலும் போர்டு திறக்கவில்லை.
– பாலிடெக்னிக் மாணவி, மதுரை

பதில்: பெயர் கொடுக்காமல் வெறும் 'ஐடி' என்று அடித்துப் பாருங்கள். டயல்அவுட் வராது.

பெயர் கொடுத்தால் அது பட்டியலைக் கேட்கிறது. பட்டியலில் நீங்கள் சேர்ந்தாயிற்று. பெயர் கொடுக்காவிட்டால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் கையில் எந்தக் குழு எண்களை வைத்திருக்கிறது என்று கர்னலைக் கேட்கிறது. அந்த எண்கள் லாகின் ஆகும் கணத்தில் ஒரே ஒரு முறை படிக்கப்பட்டு, பிறகு திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் வாரிசாகப் போகின்றன. காலையில் லாகின் ஆகி மதியம் குழுவில் சேர்ந்தால், காலையில் வாங்கிய எண்களோடுதான் மாலைவரை இருப்பீர்கள். லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஜன்னலை மூடித் திறந்தால் போதாது.

குழுவில் சேர்க்க 'யூசர்மாட் -ஏஜி' கொடுத்திருப்பீர்கள். அந்த 'ஏ' விடுபட்டால் புதுக் குழு மட்டும் நிற்கும், மற்ற துணைக் குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும். நிர்வாக உரிமை தரும் 'சூடோ' குழுவும் அதில் போய்விடும். சொந்த லேப்டாப்பில் இப்படி நிர்வாக உரிமையை இழந்து என்னிடம் வந்த மாணவர்கள் உண்டு. அடிப்பதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: டாக்கர் கன்டெய்னருக்குள் போனால் என் பெயர் வரவேண்டிய இடத்தில் "எனக்குப் பெயரில்லை" என்று ஆங்கிலத்தில் வருகிறது. பிழையா?
– வாசகர், கோவை

பதில்: பேஷ் ஷெல் சொல்லும் உண்மை அது. நீங்கள் 1000 என்ற எண்ணோடு உள்ளே போயிருக்கிறீர்கள். கன்டெய்னர் என்பது தனக்கென்று தனிக் கோப்புகள் வைத்திருக்கும் ஒரு தனி அறை போன்றது. அதற்குள் இருக்கும் பாஸ்வேட் கோப்பில் 1000-க்கு வரி இல்லை. கோப்பு உரிமைகள் எண்ணை வைத்தே ஓடுவதால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். வீட்டு அடைவைப் பட்டியலில் தேடும் நிரல்கள் மட்டும் தடுமாறும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னர் என்றால் இன்னொரு வேறுபாடு: ஜிலிப்சிக்குப் பதிலாக அதில் இருக்கும் மசல் நூலகம் என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அதில் எல்டாப் வரியை எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழித்துவிட்டேன். அடுத்த வாரம் சேர்ந்தவருக்குப் பழையவரின் கோப்புகள் சொந்தமாகக் காட்டுகின்றன!
– சிறு நிறுவனம் நடத்துபவர், ஈரோடு

பதில்: கணக்குதான் அழிந்தது, டிஸ்க்கில் எண் அப்படியே இருந்தது. 'யூசர்ஆட்' கட்டளை பொதுவாக இருக்கும் பெரிய எண்ணுக்கு அடுத்ததைப் புதியவருக்குக் கொடுக்கும். போனவர் கடைசி ஆளாக இருந்திருப்பார். அவர் எண்ணே வந்தவருக்குப் போய்விட்டது. இன்றைக்கே புதியவருக்கு வேறு எண் கொடுங்கள். இனிமேல் யார் போனாலும் கணக்கை அழிக்காமல் பூட்டி, காலாவதி ஆக்கி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் பூட்டினால் எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டு இல்லாமல் லாகின் செய்ய உதவும் கோப்பு) வைத்திருப்பவர் உள்ளே வந்துவிடுவார், அதனால் இரண்டையும் செய்யுங்கள். பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. சம்பள விவரம் போன்ற கோப்புகள் இந்த ஒரு வாரத்தில் கைமாறியிருந்தால் புதியவரிடம் நேராகப் பேசிவிடுங்கள். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.