கதையைக் கூறு போடாதீர்கள்

அன்பின் ஐயா,
தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 10இல் ஒரு நாவலைக் குழு வாசிப்பாகச் செய்தேன். ஐந்து குழு, குழுவுக்கு நான்கு அத்தியாயம். வாசித்ததை மற்றக் குழுக்களுக்குச் சொல்ல வேண்டும். பாடம் சீக்கிரம் முடிந்தது; பிள்ளைகளுக்குக் கதையில் ஒட்டுதல்தான் வரவில்லை. குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? புள்ளியை எப்படிப் போடுவது?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

வகுப்பில் ஒரு நாவலை வாசிக்க இறங்கினீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். குழுவுக்கு நாலைந்து பேர் போதும். புள்ளியை இப்போதைக்கு விடுங்கள்.

ஆனால் கதையைக் கூறு போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒருத்தி வீட்டை விட்டுப் போவதை மூன்றாம் குழு சொல்கிறது. அவள் ஏன் போனாள் என்பது முதல் குழுவின் கொப்பியில் கிடக்கிறது. பிறகு எப்படி ஒட்டும்?

பாடத்தை இப்படிப் பிரித்துக் கொடுப்பது, உளவியலாளர் எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய முறை. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் புதிதாக ஒரே வகுப்பில் சேர்த்து, அவர்கள் முட்டிக்கொண்டிருந்த நேரம். ஒருவருக்கு மற்றவர் தேவைப்படட்டும் என்றுதான் பாடத்தைப் பிரித்தார். நம் வரலாற்றுப் பாடத்தையும் அப்படிப் பிரிக்கலாம்: ஒரு குழுவுக்குக் கோப்பியில் நோய் விழுந்தது, இன்னொன்றுக்கு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது, மற்றொன்றுக்கு 1948 குடியுரிமைச் சட்டம். கதையை அப்படிப் பிரிக்க முடியாது.

என் சின்ன வயதில் எங்கள் தோட்ட லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) குப்பி லாம்பை வைத்துக்கொண்டு பெரிய எழுத்துப் பாரதம் வாசிப்பார்கள். எழுத்துத் தெரிந்தவர் ஒரு மாமா மட்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் அவரைப் பத்துப் பேர் மறிப்பார்கள். தருமன் சூதாடிய இரவு, விரலெல்லாம் கொழுந்துக் கறை பிடித்த ஒரு அம்மாயி, "இரு தம்பி, தன்னையே தோத்தவன் பொண்டாட்டிய எப்படி வைப்பான்?" என்று கேட்டார். யாரை முதலில் தோற்றான் என்று பார்க்க மாமா பின்பக்கம் புரட்டினார். ஆளாளுக்கு வாதம். மறுநாள் வாசித்தால், திரௌபதி சபையில் அதையேதான் கேட்கிறாள்! பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அந்த அம்மாயி அவளுக்கு முந்திவிட்டார். கதையை முதலிலிருந்து கேட்டதால் வந்த கேள்வி அது.

ஒரே பகுதியை எல்லோரும் வாசித்து, அடுத்தது என்ன என்று ஊகித்து, கேள்வி கேட்டு, விளங்காததைத் தெளிவாக்கி, சுருக்கிச் சொல்வது. இந்த வேலைகளை முறை வைத்து மாற்றிக்கொள்வது. 1984இல் கல்வி உளவியலாளர்கள் பலின்சாரும் பிரவுனும் எழுதிய முறையும் இதுதான். குழுவை இப்படி நடத்துங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் கேள்வி கேட்கும் வேலையைக் கொடுங்கள்.

பாடத்திட்டம் முடியாது என்று மட்டும் சொல்ல வேண்டாம். கனமான ஆறேழு அத்தியாயத்தைக் குழுவில் வாசிக்கட்டும். மற்றதை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள், யாராவது மறித்தால் நில்லுங்கள். சுருக்கத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.